ஓட்டு யாருக்கு?

ஏதென்ஸ் என்றாலே ஜனநாயகத்தின் தாய்வீடு என்பார்கள். எனக்கோ முதலில் கி.மு. 427தான் நினைவுக்கு வரும். ஏதென்ஸுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்த மித்திலீனி என்ற நகரத்தின் ஆண்களை எல்லாம் கொல்லச் சொல்லி மக்கள் சபையே வாக்களித்தது. கொடுங்கோலன் யாரும் இல்லை, சாதாரணக் குடிமக்கள்தான். அந்தக் கட்டளையோடு கப்பலும் கிளம்பிவிட்டது. மறுநாள் மனசு கேட்காமல் மறுபடி கூடி, மயிரிழையில் முடிவை மாற்றினார்கள். இரண்டாவது கப்பலின் துடுப்புக்காரர்கள் திராட்சை மதுவும் எண்ணெயும் விட்டுப் பிசைந்த பார்லி மாவைத் தின்றுகொண்டே துடுப்பு போட்டு, முறைவைத்துத் தூங்கி, எப்படியோ நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சரி, அந்தச் சபையில் மித்திலீனிக்காரர்களுக்கு ஓட்டு உண்டா? கிடையாது.

பிரிட்டனும் அப்படித்தான். 1918இல் தன் நாட்டில் வாக்குரிமையை விரித்தது. 1919இல் இங்கே விசாரணையின்றிச் சிறைவைக்க ரௌலட் சட்டம். சட்டசபையில் தேர்ந்தெடுக்கப்பட்ட இந்திய உறுப்பினர்கள் எதிர்த்தும் அதிகாரிகளின் பெரும்பான்மையில் நிறைவேறியது.