அப்பிச்சியின் டெபாசிட்

27 ஆகஸ்ட் 2025, புதன்
விநாயகர் சதுர்த்தி. இந்தியச் சரக்குக்கு அமெரிக்காவின் 50 சதவீத வரியும் இன்றிலிருந்துதான். கொழுக்கட்டை பிடிக்கும்போதும் மனசெல்லாம் திருப்பூரிலேயே கிடந்தது. பிள்ளைகளுக்காக நாம் நடத்துகிற டிரஸ்டுக்கு மாதாமாதம் நன்கொடை போடுகிறவர்களில் பாதிக்கு மேல் பனியன் தொழில்.

29 ஆகஸ்ட்
கணக்கில் 1,84,000. சம்பளம், டீசல், பிள்ளைகளின் மதியச் சோறு, எல்லாம் போனால் 22,000 நிற்கும்.

4 செப்டம்பர்
"அம்மிணி, ஆர்டர் நின்னு போச்சு, ரெண்டு மாசம் பொறுத்துக்க சாமி" என்றார் நன்கொடை தருகிற பனியன்காரர் ஒருவர். 11 வருடமாக ஒரு மாதம் தவறாதவர். தன் டெய்லர்களுக்கே வேலை கொடுக்க முடியாமல் தவிக்கிறவரிடம் நான் என்ன கேட்பது? கம்பெனிகள் சமூகப் பணிக்குச் சட்டப்படி ஒதுக்குகிற சிஎஸ்ஆர் பணம் கேள் என்கிறார்கள் ஆளாளுக்கு. வருடம் 5 கோடி லாபம் பார்க்கிற கம்பெனிக்கு அந்தச் சட்டம் சரி, நமக்குக் கொடுப்பவர்கள் 20 மெஷின் போட்டு ஜாப் ஒர்க்காகக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறவர்கள்.

9 செப்டம்பர்
தூக்கமில்லை. அந்த 9 லட்சத்தை எடுக்கலாமா என்பதுதான். காங்கேயம் பக்கத்தில் இருந்த தோட்டத்தில் ஒரு ஏக்கரை விற்று அப்பிச்சி, என் அம்மாவின் அப்பா, டிரஸ்டுக்குப் போட்ட டெபாசிட். வட்டியை எடு, முதலைத் தொடாதே என்று எழுதியே கொடுத்திருக்கிறார். ஆடிட்டரிடம் கேட்டேன். இப்படித் தொடாமல் வைக்கிற முதலான கார்பஸிலிருந்து செலவு செய்தால், வரி விலக்குக்காக டிரஸ்ட் வருமானத்தில் 85 சதவீதம் செலவழிக்க வேண்டும் என்ற கணக்கில் அது சேராதாம், 5 வருடத்துக்குள் திருப்பிப் போட்டால் போடுகிற வருடத்தில் சேருமாம். திருப்பிப் போட எங்கிருந்து வரும்? சட்டம் கிடக்கட்டும், அப்பிச்சி போட்டோவுக்கு முன்னால் விளக்கேற்றவே கூச்சமாக இருக்கிறது.

10 செப்டம்பர்
வேனில் செகண்ட் கியர் விழவில்லை.

18 செப்டம்பர்
டிரஸ்டின் தணிக்கை அறிக்கையான 10பிபி படிவத்துக்காக வவுச்சர்களை எல்லாம் ஆடிட்டர் ஆபீசில் கொடுத்தேன். திரும்பி வந்தால் வாசலில் ஒரு பெரியவர். இருப்பு வைத்திருந்த மஞ்சளை ஈரோட்டில் போட்டுவிட்டு நேராக வந்திருக்கிறார், மஞ்சப்பையில் 5,000. ரொக்கமாக 2,000க்கு மேல் என்றால் உங்களுக்கு 80ஜி வரி விலக்கு கிடைக்காதுங்க என்றேன். "அதெல்லாம் ஆருக்கு வேணும், புள்ளைகளுக்குச் சோறு போடு" என்றார். உள்ளே போய் அழுதேன்.

30 செப்டம்பர்
போன மாத மீதி 22,000, வந்தது 98,000. சம்பளம் 1,10,000 கொடுத்தாச்சு. மீதி 10,000. டீசல், அரிசிக் கடை இரண்டும் பாக்கி.

3 அக்டோபர்
ஒன்றரை வருடமாக உட்கார்ந்தே இருந்த குட்டிப்பையன் இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிசியோ பொண்ணு, "எனக்குத் தீபாவளி போனஸ் வேண்டாங்க்கா" என்கிறாள். வேண்டாம் என்று அவள் சொல்லும்படி விடலாமா?

8 அக்டோபர்
டெபாசிட்டை உடைக்கிற பாரத்தில் மாமா கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்னொன்று நான் போட வேண்டும். கடன் வாங்கித்தான் டீசல் அடித்தோம். கியர் இன்னும் அப்படியேதான்.