ஆற்றைப் பற்றிக் கேட்டேன். மில்லைப் பற்றிப் பதில் வந்தது

இலங்கையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் எங்கள் ஊரில் நான் ஒரு சிறிய மில் நடத்துகிறேன். நெல் குற்றுவது, அரிசிமா அரைப்பது, மிளகாய்த்தூள் அரைப்பது என்று அயலிலுள்ள நான்கைந்து ஊர்ச் சனங்களின் வேலை அங்கே நடக்கிறது. எங்கள் வயற்கண்டத்துக் கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பின் செயலாளராகவும் இருக்கிறேன். கடந்த எட்டு மாதங்களாக எனக்கு நடப்பவற்றைப் பழிவாங்கல் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். தற்செயல் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டில் எது என்று என்னால் இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எந்தச் சபை, எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்பதை இங்கே எழுதப்போவதில்லை. நிரூபிக்க முடியாத ஒன்றை ஒருவரின் பெயரோடு சேர்த்து எழுதினால், எனக்கு இழைக்கப்பட்டதோ என்று நான் ஐயுறும் அநியாயத்தை நானே அவருக்கு இழைத்தவனாவேன்.

சென்ற ஆவணியில் நடந்த ஒரு கூட்டத்தில் நான் ஆற்று மண்ணைப் பற்றிப் பேசினேன். மண் அகழ்வதற்கு 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும். எந்த இடத்தில், எவ்வளவு அகழலாம் என்பதெல்லாம் அந்தப் பத்திரத்தில் நிபந்தனைகளாக எழுதப்பட்டிருக்கும். எங்கள் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, மேலே ஆற்றங்கரை இரண்டு இடங்களில் உள்வாங்கிவிட்டது. மாரியில் வெள்ளம் வந்தால் முதலில் உடையப்போவது அந்த இடம்தான் என்று, வயல்களின் நீர்ப்பாய்ச்சலைக் கவனிக்கும் எங்கள் வட்டை விதானையார் இரண்டு வருடமாகச் சொல்லிவருகிறார். ஆகவே, அனுமதிப்பத்திரத்தின் பிரதியை எங்கள் அமைப்புக்குத் தர முடியுமா என்றும், இரவு பத்து மணிக்குப் பிறகு ஓடும் டிப்பர்கள் எந்த அனுமதியில் ஓடுகின்றன என்றும் கேட்டேன். மூன்றாவதாக, அந்த வாகனங்களில் சில அங்கே மேசையில் இருந்த ஒருவரின் நெருங்கிய உறவினருடையவை என்று ஊரில் பேசப்படுகிறதே, அது உண்மையா என்றும் கேட்டேன். மண்டபம் அமைதியானது. பதில் எழுத்தில் வரும் என்று கூறி அடுத்த விடயத்துக்குப் போனார்கள்.

பதினோராவது நாள் இரண்டு உத்தியோகத்தர்கள் மில்லுக்கு வந்தார்கள். பதின்மூன்று வருடங்களில் உரிமம் புதுப்பிக்கும் காலத்தைத் தவிர வேறெப்போதும் எவரும் பரிசோதனைக்கு வந்ததில்லை. வந்தவர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். தூசி வெளியே போகிறது, தூசி பிடிக்கும் பை கிழிந்திருக்கிறது என்று எழுதினார்கள். அது உண்மை. பை கிழிந்துதான் இருந்தது. பக்கத்து வீட்டில் சளித்தொல்லை உள்ள ஒரு பிள்ளை இருப்பதும் எனக்குத் தெரியும். நான் முன்பே மாற்றியிருக்க வேண்டும். அடுத்த நாளே மட்டக்களப்பு நகரத்துக்குப் போய்ப் புதிய பை வாங்கிப் பூட்டினேன். இதை மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பழிவாங்கல் என்று ஒன்று நடந்தால் அது பெரும்பாலும் பொய்க் குற்றச்சாட்டாக வருவதில்லை. எல்லோரிடமும் இருக்கும் சிறு குறைகளில் ஒருவருடைய குறையை மட்டும் தேடிப்போய் எடுப்பதாகவே வருகிறது. அந்தக் குறை உண்மையாக இருப்பதால் பாதிக்கப்பட்டவரால் வாய்திறக்க முடிவதில்லை.

ஐப்பசியில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் தன்னைப் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்தவர் என்றார், பெயர் சொல்லவில்லை. கமக்காரர் அமைப்புக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, வெளிநாட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள், கூட்டத்தில் கேட்ட கேள்விகளை யார் எழுதித் தந்தார்கள் என்று தமிழில் நிதானமாகக் கேட்டார். மிரட்டல் என்று சொல்லத்தக்க ஒரு வார்த்தையும் அதில் இல்லை. ஆனால் எங்கள் மாவட்டத்தில் இப்படியொரு அழைப்பு வெறும் அழைப்பாக முடிந்துவிடுவதில்லை. பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31ஆம் திகதி மட்டக்களப்பு நகரில் வேலைக்குப் போகும் வழியில் சுட்டுக்கொல்லப்பட்டதை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் எங்களோடு வாழ்கிறார்கள். என் நிலையை அதோடு ஒப்பிட எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனாலும் அந்த இரவு என் மனைவி முன்கதவை இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்ததற்கு அந்தக் காலம்தான் காரணம் என்று எனக்குத் தெரியும்.

தையில் வியாபார உரிமத்தைப் புதுப்பிக்கப் பணம் கட்டினேன். பற்றுச்சீட்டு கிடைத்தது, உரிமம் கிடைக்கவில்லை. "கோப்பு மேலே போயிருக்கிறது" என்பதே நான்கு தடவையும் கிடைத்த பதில். இதற்கிடையில் ஊரும் மாறியது. எனது தாயாரின் வயதுள்ள ஒரு அம்மா நெல் மூட்டையோடு வந்து, குற்றி முடிந்ததும் குரலைத் தாழ்த்தி, "மனே, உனக்கென்னத்துக்கு இந்த வேல? மில்லப் பூட்டிட்டா நாங்க எங்க போற?" என்று கேட்டார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. அமைப்புக் கூட்டங்களுக்கு முப்பது பேர் வந்த இடத்தில் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். எவரும் என்னோடு கோபமில்லை. தங்கள் வீட்டுக் கோப்பும் ஏதோ ஓர் அலுவலகத்தில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான். காணிப் பத்திரம், வீட்டுத்திட்டம், உர மானியம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கையொப்பம் தேவைப்படுகிறது.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தைத் தருகிறது. 1993இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் 'ஜன கோஷா' (ஒலியெழுப்பி நடத்திய எதிர்ப்புப் போராட்டம்) வழக்கில், அரசாங்கத்தையும் அதன் கொள்கைகளையும் விமர்சிப்பது அந்தச் சுதந்திரத்துக்குள் அடங்குவதே என்று தீர்த்திருக்கிறது. ஆனால் 126ஆவது உறுப்புரையின்படி, உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துக்குள் மனுத்தாக்கல் செய்ய வேண்டும். என் போன்றவர்கள் இடறி விழுவது இந்த ஒரு மாதத்தில்தான். பரிசோதனைக்கு வந்த அன்று அதை உரிமை மீறல் என்று எவன் சொல்வான்? உரிமம் இழுபட்ட பிறகே பரிசோதனைக்கும் ஓர் அர்த்தம் தெரியத் தொடங்குகிறது; அதற்குள் பரிசோதனைக்குரிய மாதம் எப்போதோ முடிந்துவிடுகிறது. சிறிது சிறிதாகச் செய்யப்படும் ஒன்றை இந்தக் கால எல்லை பிடிக்காது. மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் அந்த ஒரு மாதத்துக்குள் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த மாதத்தில் கணக்கிடப்படாது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. இதை எனக்கு ஒரு சட்டத்தரணி சொன்னபோது தொலைபேசி அழைப்பு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அதை மட்டும் முறைப்பாடாக எழுதி, ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்தில் கொடுத்தேன்.

அதைவிட எனக்கு உதவியது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். "என்னைப் பழிவாங்குகிறீர்களா?" என்று கேட்டால் எந்த அலுவலகமும் ஆம் என்று எழுதித் தராது. ஆகவே கணக்கைக் கேட்டேன். என் மில் பரிசோதிக்கப்பட்ட காலத்தையொட்டிய மூன்று மாதங்களில் இப்பிரதேசத்தில் எத்தனை மில்கள் பரிசோதிக்கப்பட்டன, எந்தெந்தத் திகதிகளில், ஒவ்வொன்றும் எழுத்து மூல முறைப்பாட்டின் பேரிலா அல்லாமலா. தையில் பணம் கட்டியவர்களில் எத்தனை பேருக்கு உரிமம் இன்னும் வழங்கப்படவில்லை என்று கேட்டேன். அதே சட்டத்தின் 35ஆம் பிரிவு, ஒரு தீர்மானத்தால் பாதிக்கப்படுபவருக்கு அதற்கான காரணத்தை அதிகாரி கூற வேண்டும் என்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, என் கோப்பு தாமதமாவதற்கான காரணத்தையும் கேட்டேன்.

பதில் பங்குனிக் கடைசியில் வந்தது. அந்த மூன்று மாதங்களில் பரிசோதிக்கப்பட்ட மில்கள் இரண்டு. மற்றையது புதிதாகத் தொடங்கப்பட்டது என்பதால் அது வழமையான பரிசோதனை. என்னுடையது "வாய்மொழி முறைப்பாட்டின் பேரில்" என்று எழுதப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டாரிடம் கேட்டேன், தாங்கள் முறையிடவில்லை என்றார்கள். உரிமக் கணக்குக்கும் தாமதத்துக்கான காரணத்துக்கும் பதிலே இல்லை. இது நிரூபணம் ஆகாது என்பதை நான் அறிவேன். முறைப்பாட்டைத் தெருவால் போன ஒருவர்கூடச் செய்திருக்கலாம். ஆனாலும் என் ஐயத்துக்கு முதன்முறையாக எழுத்தில் ஓர் அளவு கிடைத்திருக்கிறது. விடுபட்ட பதில்களுக்காக, அதற்கெனக் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்குப் பதினான்கு நாட்களுக்குள் மேன்முறையீட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

இதையெல்லாம் எழுதி முடித்தபோதுதான் ஒன்று உறைத்தது. எட்டு மாதங்களாக நான் பேசுவது என் மில்லைப் பற்றி, என் உரிமத்தைப் பற்றி, எனக்கு வந்த அழைப்பைப் பற்றி. ஊரார் என்னிடம் கேட்பதும் அதைத்தான். கூட்டத்தில் நான் கேட்டதோ ஆற்றைப் பற்றி. எழுத்தில் வரும் என்ற பதில் இன்னும் வரவில்லை, அது வரவில்லையே என்று நானும் கேட்கவில்லை.

சென்ற ஞாயிறு வட்டை விதானையாரும் நானும் அளவுநாடாவோடு ஆற்றங்கரைக்குப் போனோம். மேலேயுள்ள உடைவு ஆவணியில் பதினெட்டு அடி நீளம். இப்போது முப்பத்தொரு அடி. இரண்டு அளவுகளையும் திகதியோடு எழுதி, அனுமதிப்பத்திரப் பிரதி கேட்கும் புதிய தகவல் கோரிக்கையோடு இணைத்திருக்கிறேன். இம்முறை அதில் அமைப்பின் சார்பாகக் கையொப்பமிட்டவர்கள் ஏழு பேர்.