லண்டனில் சில நாட்கள்: மேல்மாடியிலிருந்தும் முற்றத்திலிருந்தும்

செப்டம்பர் 17, புதன்

மலிவு டிக்கெட்டில் நாடகங்கள் பார்ப்பதற்காக, காலை ரயிலில் யூஸ்டன் நிலையம் வந்து இறங்கினேன். பையை அக்கா மகளின் அறையில் வைத்துவிட்டு நேராக லெஸ்டர் சதுக்கத்துக்குப் போய்விட்டேன். அவள் இங்கே முதுகலை படிக்கிறாள். தரையில் ஒரு மெத்தை போட்டு எனக்கு இடம் ஒழித்துக் கொடுத்திருக்கிறாள். தங்கும் செலவு இல்லை என்பதால்தான் இத்தனை நாடகங்களுக்குத் திட்டமிட முடிந்தது.

சதுக்கத்துத் தோட்டத்தின் தெற்கு ஓரத்தில், கடிகாரத்தோடு தனியாக நிற்கும் சிறிய கட்டடம்தான் டி.கே.டி.எஸ். சாவடி. லண்டன் அரங்குகளின் சங்கமே 1980 முதல் இதை நடத்துகிறது. அன்றைக்கும் அடுத்த ஓரிரு நாட்களுக்கும் விற்காமல் கிடக்கும் இருக்கைகளைக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். இரவு ஏழரைக்குத் திரை உயர்ந்த பிறகு காலி இருக்கைக்கு மதிப்பே இல்லை. பாதிப் பணமாவது வரட்டும் என்பது அரங்குக்காரர்களின் கணக்கு. சுற்றுவட்டாரத்தில் 'பாதி விலை' என்று பலகை மாட்டிய வேறு கடைகளும் உண்டு. அவற்றில் வாங்குவதற்கு முன் டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் அசல் விலையைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் ஓர் இசை நாடகத்துக்கு மேல்மாடியில் இரண்டு இடங்கள் கிடைத்தன, ஆளுக்கு 25 பவுண்டு. அதே நாடகத்துக்குக் கீழ்த்தளத்து நல்ல வரிசையில் நூற்றைம்பதுக்கும் மேல்.

இரவு 11.30

நாடகம் முடிந்து வந்துவிட்டோம். மேல்மாடிக்குப் போகும் வழியை எழுதியே ஆக வேண்டும். முன்வாசலில் சரவிளக்கும் கம்பளமும் இருக்க, எங்களைப் பக்கத்துச் சந்தில் உள்ள வேறொரு கதவுக்கு அனுப்பினார்கள். வெறும் சுவர்களுக்கிடையே சுற்றிச் சுற்றி ஏறும் படிக்கட்டு. நூறு, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இந்த அரங்குகளைக் கட்டியபோதே, மலிவு டிக்கெட்காரர்கள் பணக்காரர்களின் கண்ணில் படக்கூடாது என்று வாசல், படிக்கட்டு, டிக்கெட் ஜன்னல் எல்லாவற்றையும் தனியாக வைத்துவிட்டார்கள். அந்தப் படிகளில் ஏறும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் அதே படிகளில் ஏறிப்போன தையற்காரிகளும் குமாஸ்தாக்களும்தான் இந்த நகரத்தின் நாடகத்தைத் தலைமுறை தலைமுறையாக வாழவைத்த ரசிகர்கள். அவர்களோடு சேர்ந்து ஏறுவதாகவே நினைத்துக்கொண்டேன்.

மேலேயிருந்து பார்த்தபோது முகங்கள் சிறியவை, ஆனால் நடனத்தின் கோலம் முழுதாகத் தெரிந்தது. கூட்டம் இரண்டாகப் பிரிவதும், ஒளி வட்டம் ஒருத்தியை மட்டும் தேடிப் பிடிப்பதும் கீழே அமர்ந்தால் இப்படிப் புலப்படாது. முன் இருக்கையின் முதுகில் ஒரு பவுண்டு நாணயம் போட்டால் கழன்று வரும் சிறிய தூரநோக்கி இருந்தது. அதை நாயகியின் முகத்துக்குத் திருப்பியபோது நெற்றி மயிரோரத்தில் ஒலிவாங்கி தெரிந்தது. அவள் பாடியது மேடையில், குரல் வந்ததோ கூரையருகே இருந்த ஒலிபெருக்கியிலிருந்து. இதை மனத்தில் குறித்துக்கொண்டேன்.

ஒரு வேண்டுகோள்: மேல்மாடியில் யாரும் முன்னால் சாயக்கூடாது. ஒருவர் சாய்ந்தால் பின்வரிசை முழுவதற்கும் மேடை மறைந்துவிடும். இடைவேளையில் அக்கா மகள் முன்வரிசைக்காரரிடம் பணிவாகச் சொன்னாள். அவரும் உடனே திருத்திக்கொண்டார்.

செப்டம்பர் 18, வியாழன்

காலை ஒன்பதரைக்கே ஓர் அரங்கின் வாசலில் வரிசையில் நின்றேன். சில அரங்குகள் அன்றைய காட்சிக்குக் கொஞ்சம் இருக்கைகளை ஒதுக்கி வைத்து, காலையில் டிக்கெட் ஜன்னல் திறந்ததும் மலிவாக விற்கும். இப்போது பெரும்பாலும் இது கைபேசிச் செயலிகளுக்குப் போய்விட்டது: குறித்த நேரத்தில் விரலை வைத்துக் காத்திருக்க வேண்டும், அல்லது குலுக்கலில் பெயர் கொடுக்க வேண்டும். எனக்கு நேரில் நிற்பதுதான் பிடிக்கிறது. ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவரிடம் 'இந்தத் தூண் எவ்வளவு மறைக்கும்?' என்று கேட்கலாம். தெரிந்தவர்கள் உண்மையைச் சொல்கிறார்கள்.

எனக்கு முன்னால் எழுபது வயதைக் கடந்த ஓர் ஆங்கிலேயப் பெண்மணி நின்றார். அவருடைய தாயார் காலத்தில் மேல்மாடி ரசிகர்கள் வரிசையில் சிறு முக்காலிகளை வாடகைக்கு எடுத்து, அவற்றில் சீட்டு மாட்டி இடம் பிடித்துவிட்டு வேலைக்குப் போய் மாலையில் திரும்புவார்களாம். "வரிசையில்தான் நாடகத்தைப் பற்றிப் பேசவே கற்றுக்கொண்டேன் என்று அம்மா சொல்வார்" என்றார். நேற்றுப் பார்த்த இசை நாடகத்தைச் சொன்னேன். மூன்று வேறு நாயகிகளோடு அதைப் பார்த்திருக்கிறாராம். யார் எந்தப் பாட்டில் மூச்சை எங்கே எடுத்தார் என்று விவரித்தார். இவரைப் போன்றவர்கள்தான் உண்மையான விமர்சகர்கள்.

அவர் சொன்ன யோசனையால் திட்டத்தை மாற்றி, பிற்பகல் காட்சிக்கு செயின்ட் மார்ட்டின்ஸ் அரங்குக்குப் போனேன். அகதா கிறிஸ்டியின் கொலை மர்ம நாடகமான தி மவுஸ்ட்ராப். 1952 நவம்பரில் பக்கத்து அம்பாசடர்ஸ் அரங்கில் தொடங்கி, 1974இல் இங்கே இடம் மாறி, பெருந்தொற்றுக் காலத்தில் மட்டும் நின்று, மீண்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. எத்தனையாவது காட்சி என்று முகப்பில் ஒரு மரப்பலகை வைத்திருக்கிறார்கள். முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று கடைசியில் கேட்டுக்கொள்வதால் கதைக்குள் போகவில்லை. என் கண் நின்றது கணப்பு மாடத்தின் மேலிருந்த கடிகாரத்தில். முதல் காட்சிக்கால அரங்கப் பொருட்களில் எஞ்சியிருப்பது அது ஒன்றுதான். நடிகர்கள், திரை, நாற்காலி எல்லாம் மாறிவிட்டன. சின்ன அரங்கு, ஏறத்தாழ ஐந்நூற்றைம்பது இருக்கைகள். கடைசி வரிசையிலிருந்தும் புருவ அசைவு தெரிகிறது. நேற்றைய இசை நாடகத்தில் ஒளி எங்கே பார்க்கச் சொன்னதோ அங்கே பார்த்தேன். இங்கே ஒரே அறை, ஒரே வெளிச்சம், யாரைச் சந்தேகிப்பது என்று நானே தேட வேண்டியிருந்தது. அடுத்தடுத்த நாள் பார்த்ததால்தான் இந்த வேறுபாடு இவ்வளவு துலக்கமாகப் பட்டது.

இரவு: அக்கா மகளோடு, மதுக்கடை மாடி ஒன்றில் இரண்டே நடிகர்கள் நடித்த ஒன்றரை மணி நேர நாடகம். இப்படிப்பட்ட அரங்குகள் இந்த ஊரில் பரவியதற்கு இஸ்லிங்டனில் கிங்ஸ் ஹெட் மதுக்கடையின் பின்னறையில் 1970இல் தொடங்கிய அரங்கு ஒரு முன்னோடி. எழுத்து சுமார்தான். ஆனால் நடிகையின் கண்ணீர் வழிந்த இடம் என் முழங்காலுக்கு எதிரே. டிக்கெட் 15 பவுண்டு. எல்லாப் பயணத்திலும் ஒரு மாலையை இதற்கு ஒதுக்குங்கள்.

செப்டம்பர் 19, வெள்ளி

சரியாகப் பிற்பகல் ஒரு மணிக்கு அக்கா மகள் மடிக்கணினியோடு தயாராக உட்கார்ந்தாள். தேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் தேசிய நாடக நிறுவனமான நேஷனல் தியேட்டர் ஒவ்வொரு வெள்ளியும் அந்த நேரத்தில் அடுத்த வாரக் காட்சிகளுக்குப் பத்துப் பவுண்டு டிக்கெட்களை இணையத்தில் வெளியிடுகிறது. இன்றிரவு நாங்கள் போகும் காட்சிக்கும் போன வெள்ளி இப்படித்தான் அவள் எனக்கு டிக்கெட் எடுத்திருந்தாள். அவளுக்கு இன்னொரு வழியும் உண்டு: பதினாறு முதல் இருபத்தைந்து வயது வரை உள்ளவர்களுக்கு அங்கே தனியாகவே மலிவு டிக்கெட் இருக்கிறது. தன் வகுப்பில் பாதிப் பேருக்கு இது தெரியாது என்றாள். இருபத்தாறாவது பிறந்தநாளுக்கு முன் அந்த ஆற்றங்கரைக் கட்டடத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவும் பார்த்துவிடு என்று சொல்லிவைத்தேன்.

மாலையில் வாட்டர்லூ பாலத்தைக் கடந்து நடந்தோம். வழியில் அவள் கேட்டாள்: "சித்தி, இப்படி ஓடி ஓடி மலிவு டிக்கெட்டில் நாலைந்து பார்ப்பதைவிட, அதே பணத்தில் ஒன்றே ஒன்றை நல்ல இருக்கையில் நிம்மதியாகப் பார்க்கலாமே?"

"ஒன்றை மட்டும் பார்த்தால் அது நன்றாக இருந்தது, இல்லை என்று மட்டும்தான் சொல்ல முடியும். நேற்றுப் பார்த்தது இன்றைக்குப் பார்ப்பதோடு பேச வேண்டும். அதற்கு நாலைந்து வேண்டும், அடுத்தடுத்து வேண்டும். நாலைந்தையும் நல்ல இருக்கையில் பார்க்க நம்மிடம் பணம் இல்லை. அவ்வளவுதான்."

அவள் ஒப்புக்கொள்ளவில்லை. பாலம் முடியும்வரை விவாதித்தோம்.

நேஷனல் தியேட்டரின் கான்கிரீட் கட்டடத்தைப் பலர் வெறுக்கிறார்கள். எனக்கு இந்த நகரத்தில் மிகப் பிடித்த கட்டடம் அது. டெனிஸ் லாஸ்டன் வடிவமைத்து 1976இல் திறந்தது. இங்கே சந்து வாசல் கிடையாது. பத்துப் பவுண்டு கொடுத்தவரும் பெரும்பணம் கொடுத்தவரும் ஒரே கூடத்தில் நின்று, ஒரே படியில் ஏறுகிறார்கள். டிக்கெட்டே இல்லாதவரும் பகலெல்லாம் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து படிக்கலாம். மேல்மாடிப் படிக்கட்டில் எனக்கு வந்த கோபத்துக்கு இந்தக் கட்டடமே பதில். அந்த நிறுவனத்தின் தலைமையில் இன்று இருப்பவர் இந்து ரூபசிங்கம். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு ஷெஃபீல்டில் பிறந்தவர், அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண். கூடத்தில் நின்று இதை நினைத்தபோது நெஞ்சு நிறைந்தது, மறைக்க விரும்பவில்லை.

இந்தக் கட்டடத்துக்குள் இருக்கும் ஒலிவியர் அரங்கு பழைய கிரேக்கத் திறந்தவெளி அரங்கின் சாயலில் விசிறியாக விரிகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள், ஒரு தூண்கூட இல்லை. எங்களுக்கு முன்வரிசைகளில் பக்கவாட்டில் இடம். கிரேக்கத் தொன்மக் கதை ஒன்றைப் புதிதாக எழுதியிருந்தார்கள். மேடைக்கு அடியில் ஐந்து தளம் உயரமுள்ள சுழலும் உருளை இருக்கிறது. அந்த அகன்ற மேடையில் ஒற்றை ஆள் நின்றால் எவ்வளவு தனியாகத் தெரிகிறான் என்பதே பாதி நாடகம். பாத்திரங்கள் வாதிட்ட இடங்கள் அபாரம், கூட்டமாகக் கத்திய இடங்கள் எனக்கு ஒட்டவில்லை. முன்வரிசை என்பதால் கால்களின் நடிப்பைக் கூடுதலாகப் பார்த்தேன். மேல்மாடியில் கோலம், இங்கே கால்கள், இரண்டும் நாடகம்தான்.

செப்டம்பர் 20, சனி

குளோப். மழை.

ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கு 1997இல் திறந்தது. அமெரிக்க நடிகர் சாம் வானமேக்கர் பல ஆண்டுகள் போராடிப் பணம் திரட்டியது. திறப்பதைப் பார்க்காமலே 1993இல் இறந்துவிட்டார். 1599இல் எழுந்த பழைய குளோப் 1613இல் நாடகத்தின் நடுவே சுட்ட பீரங்கியின் பொறி கூரையில் விழுந்து எரிந்தது. 1666 பெருந்தீக்குப் பிறகு லண்டனில் நாணல் வேய்ந்த கூரைக்கு அனுமதி கிடைத்தது இந்தப் புதிய கட்டடத்துக்குத்தான். நடுவே முற்றத்துக்கு மட்டும் கூரை இல்லை. அங்கே ஏறத்தாழ எழுநூறு பேர் நிற்கலாம். டிக்கெட் ஐந்து பவுண்டிலிருந்து தொடங்குகிறது. அந்தக் காலத்தில் ஒரு பென்னி.

உட்காரக்கூடாது, குடை விரிக்கக்கூடாது. மழையங்கி கொண்டுபோக வேண்டும், நல்ல செருப்பு அணிய வேண்டும். கதவு திறந்ததும் உள்ளே போனதால் மேடை விளிம்பில் கை வைத்து நின்றோம். பின்னால் நிற்பவர்கள் இளைப்பாற மரச்சுவரில் சாய்ந்துகொள்ளலாம், கால் பலவீனமானவர்களுக்கு அதுவே சிறந்த இடம்.

நகைச்சுவை நாடகம். பகல் வெளிச்சத்தில் நடிகர்களுக்கும் நம் முகம் தெரிகிறது, அதுதான் இங்கே எல்லாவற்றையும் மாற்றுகிறது. இருட்டில் அமர்ந்த கூட்டத்தை நோக்கி ஒருவன் தன் மனத்தைப் பேசினால் அது தனிமொழி. இங்கே அவன் ஒவ்வொருவராகப் பார்த்து, 'நான் செய்வது சரிதானே?' என்று கேட்பதுபோலப் பேசுகிறான். மழை வலுத்தபோது வெயிலைப் பற்றிய ஒரு வரியை நடிகை வானத்தைப் பார்த்துச் சொல்ல, எழுநூறு பேரும் நனைந்தபடி சிரித்தோம். ஒலிவாங்கி இல்லை. அவளுடைய மூச்சு அடுத்த வாக்கியத்துக்கு நிரம்புவது கேட்டது. புதன்கிழமை கூரையருகிலிருந்து வந்த குரல் நினைவுக்கு வந்தது. அந்தக் குரலும் அழகுதான், ஆனால் என் உடம்பு இதற்குத்தான் சிலிர்த்தது.

முடிவில் நடிகர்கள் எல்லாரும் ஆடும் ஆட்டம் இங்கே வழக்கம். கைதட்டிக் கை சிவந்தது. வெளியே வந்ததும் அக்கா மகள் சொன்னாள்: "சித்தி, பாலத்தில் நீங்கள் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதியை நாளைக்குச் சொல்கிறேன்."

செப்டம்பர் 21, ஞாயிறு

நகர மையத்து நாடக வட்டாரமான வெஸ்ட் எண்டில் பெரும்பாலான அரங்குகளுக்கு இன்று விடுமுறை. நடக்கும் சிலவற்றுக்கு விலை கூடுதல். குளோப்பில் ஞாயிறும் நாடகம் உண்டு. கையில் மிச்சமிருந்ததில் முற்றத்துக்கே இன்னும் இரண்டு டிக்கெட் வாங்கினோம். இந்த முறை முன்னால் நிற்காமல் மேடையின் பக்கவாட்டில் நின்றோம். அங்கிருந்து நடிகனின் முதுகும், அவனைப் பார்க்கும் கூட்டத்தின் முகங்களும் ஒருசேரத் தெரிகின்றன. ஒரு நகைச்சுவை எந்த மூலையில் முதலில் வெடித்து எப்படிப் பரவுகிறது என்று பார்க்க முடிந்தது.

இடைவேளையில் அவளே பேச்சை எடுத்தாள். இன்னும் சில ஆண்டுகள் மலிவு டிக்கெட்டில் நிறையப் பார்ப்பாளாம். சம்பாதிக்கத் தொடங்கியதும், இப்படிப் பார்த்ததில் மிகப் பிடித்ததை நல்ல இருக்கையில் இரண்டாம் முறை பார்ப்பாளாம். இதை நான் மறுக்கவில்லை. எதைப் பார்ப்பாய் என்று கேட்டேன். அந்த மதுக்கடை மாடி நாடகத்தை என்றாள். அங்கே எல்லா இருக்கையும் ஒரே விலை என்று நான் சொல்ல, அப்படியானால் அதை நாளைக்கே பார்க்கிறேன் என்று கைபேசியை எடுத்தாள். திங்கட்கிழமைக் காட்சிக்கு இடம் இருந்தது. என் ரயில் நாளைக் காலை என்பதால் அவள் மட்டும் போகிறாள்.