வாரண்டில் எழுதியிருக்கும் வயதை அன்றே பாருங்கள்

தம்பிக்கு 19 வயது. அவனைச் சிறையில் வைக்கக் கோர்ட் தந்த உத்தரவான ரிமாண்ட் வாரண்டிலோ 23 என்று இருந்தது. காவல் நிலையத்தில் யாரோ ஆளைப் பார்த்துப் போட்ட எண். அதை வைத்து மத்திய சிறையில் பெரியவர்கள் இருக்கும் பிளாக்கில் அவனை அடைத்துவிட்டார்கள்.

21 வயது நிரம்பாத ஆண் கைதிகளை மற்றவர்களிடமிருந்து முற்றிலும் பிரித்து வைக்க வேண்டும் என்கிறது 1894ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டத்தின் 27ஆவது பிரிவு. தமிழ்நாட்டில் அந்த வயதுக்காரர்களைத் தனியாகக் காவலில் வைக்கும் பார்ஸ்டல் பள்ளிகளும் உண்டு. ஆனால் சேர்க்கைப் பதிவேட்டில் வாரண்டில் உள்ள வயதுதான் ஏறுகிறது.

சிறையில் அவனைச் சந்திக்க, அதாவது மனு பார்க்கப் போன இடத்தில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை நீட்டினேன். "வாரண்டை நாங்கள் திருத்த முடியாது அம்மா, கோர்ட்டுக்குப் போங்கள்" என்றார்கள். கோர்ட் அலுவலகத்தில், "அதெல்லாம் சிறையிலேயே பார்த்துக்கொள்வார்கள்" என்று ஒரு எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார். இப்படி மாறி மாறி அலைய விட்ட நாட்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. வலைக்கு அப்பால் நின்ற தம்பி என்னிடம் சரியாகப் பேசக்கூட இல்லை.

வழி காட்டியவர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். வயதைத் திருத்தக் கோரி அவர் மனு போட்டார். ஆதார் நகல் போதும் என்று அதே கோர்ட் அலுவலகத்தில் சொன்னதால் ஒரு வாய்தா வீணானது. நீதிபதி அதை ஏற்கவில்லை. பள்ளிச் சான்றிதழின் அசலைக் கொண்டுபோங்கள். பள்ளியின் மாற்றுச் சான்றிதழும் (டி.சி.) இருந்தால் நல்லது.

உத்தரவு கிடைத்ததும் ஓய்ந்துவிடாதீர்கள். தபாலில் போகும் என்று காத்திருக்காமல், சான்றிட்ட நகல் வாங்கி நேரே சிறை அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். நாங்கள் அப்படிச் செய்த பிறகுதான் தம்பியை பார்ஸ்டல் பள்ளிக்கு மாற்றினார்கள்.

உங்கள் பிள்ளைக்கு 18 நிரம்பவில்லை என்றால் சிறையிலேயே வைக்கக் கூடாது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 9ஆவது பிரிவின்படி வழக்கின் எந்தக் கட்டத்திலும் அதை எழுப்பலாம்.

ஜாமீன் மனு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. போன முறை மனு பார்க்கப் போனபோது தம்பி பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்கள் கேட்டான்.