பிசின் வழியாத மரம்

காட்டு ஆய்வுக் குழு ஒன்றில் களப்பணியாளராகச் சேர்ந்த முதல் கோடையில் எனக்குக் கிடைத்த வேலை, பைன் மரங்களுக்கு எண் கட்டி, ஒவ்வொன்றின் நிலையையும் பதிவேட்டில் எழுதுவது. பைன் பட்டையைத் துளைத்து உள்ளே புகும் பட்டை வண்டுகள் அந்தப் பகுதிக்குள் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தன. எந்த மரம் பிழைக்கும், எது சாகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் குழுவின் கேள்வி.

17ஆம் எண் மரத்தில் இடுப்பளவிலிருந்து தலைக்கு மேல் வரை முப்பது நாற்பது இடங்களில் பிசின் பிதுங்கி, மெழுகு உருகி உறைந்ததுபோல நின்றது. பார்க்கவே பாவமாக இருந்தது. ‘பலத்த தாக்குதல், பிழைக்காது’ என்று எழுதினேன். சற்று மேலே, பாறைச் சரிவில் 23ஆம் எண். பட்டை சுத்தம், ஊசியிலைகள் நல்ல பச்சை. ‘நலம்’ என்று எழுதிவிட்டு நகர்ந்தேன்.

மாலையில் பதிவேட்டைப் பார்த்த மூத்த பணியாளர் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் இரண்டு மரங்களுக்கும் என்னை அழைத்துப் போனார்.

“17ல இருக்கிற பிசின் என்ன நிறம், பாரு.”

பாலேடு மாதிரி வெளுப்பு. ஒரு கட்டியைக் கத்தியால் பிளந்தார். உள்ளே அரிசி மணி அளவில் ஒரு வண்டு செத்துக் கிடந்தது. பிசின் வெளுப்பாக இருந்தால் பெரும்பாலும் மரம் வண்டை வெளியே தள்ளிவிட்டது என்று பொருள். செம்பழுப்பாகத் தூள் கலந்திருந்தால் வண்டு உள்ளே போய்விட்டது; அந்தத் தூள் அது கடித்துத் தள்ளியது. அப்புறம் 23க்குப் போய், அடிமரத்தருகே குந்தி, பட்டை இடுக்கில் விரலை ஓட்டினார். விரல் நுனியில் செம்பழுப்புத் தூள். பிசின் ஒரு சொட்டுகூட இல்லை.

“எதிர்க்கிறதுக்கு இதுகிட்ட ஒண்ணுமே இல்லம்மா. இலை இன்னும் பச்சையாத்தான் இருக்கும். அடுத்த வருஷம் சிவக்கும்.”

பைன் மரத்தின் கட்டையிலும் பட்டையிலும் பிசின் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றைச் சுற்றியுள்ள செல்கள் பிசினைச் சுரந்து அழுத்தத்தோடு நிரப்பி வைக்கின்றன. வண்டு குழாயைத் துளைத்தால் அந்த அழுத்தமே பிசினை வெளியே தள்ளும். அதிலுள்ள டர்பன்டைன் பூச்சிக்கு நஞ்சு; அது ஆவியானதும் மிஞ்சும் ரெசின் அமிலங்கள் இறுகிக் காயத்தை மூடிவிடும். (வேலம்பிசினையும் இதையும் ஒரே சொல்லால் அழைக்கிறோம். அது தண்ணீரில் கரையும், இது கரையாது. கையில் ஒட்டினால் எண்ணெய் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.) எல்லா ஊசியிலை மரங்களும் இப்படியில்லை. ஃபிர் மரத்தின் கட்டையில் வழக்கமாகக் குழாய்களே கிடையாது; காயம்பட்ட பிறகுதான் உருவாக்கிக்கொள்ளும்.

அழுத்தத்துக்குத் தண்ணீர் வேண்டும். விடியற்காலையில் அது அதிகமாக இருக்கும், நடுப்பகலில் இறங்கிவிடும். கடும் வறட்சியில் மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்வதால் பிசின் செய்யத் தேவையான சர்க்கரையும் குறைகிறது. 23 நின்ற இடத்தில் மண் ஒரு சாண்கூட இல்லை. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் மழை பொய்த்திருந்தது. பதிவேட்டில் நான் எழுதாமல் விட்டது அதைத்தான்.

அந்த வேலையில் என்னை மிகவும் பாதித்தது, வண்டு அந்தப் பிசினையே பயன்படுத்திக்கொள்ளும் விதம். பைன் பிசினில் உள்ள ஆல்ஃபா-பைனீன் மரத்தின் ஆயுதங்களில் ஒன்று. மலைப் பைன் வண்டு போன்ற இனங்கள் அதையே தம் உடலில் வெர்பினால் என்ற மணப்பொருளாக மாற்றி, மற்ற வண்டுகளை அழைக்கின்றன. பத்து வண்டுகளை நல்ல மரம் சமாளிக்கும். நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் துளைத்தால் குழாய்களின் அழுத்தம் தீர்ந்துபோகும். கூடவே அவை சுமந்து வரும் நீலக்கறைப் பூஞ்சை, தண்ணீர் ஏறும் கட்டையை அடைக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1990களில் தொடங்கிய மலைப் பைன் வண்டுப் பெருக்கம் சுமார் 1.8 கோடி ஹெக்டேர் காட்டைத் தொட்டது. பட்டைக்குள் இருக்கும் வண்டுப் புழுக்களைக் கொல்லும் கடுங்குளிர் அங்கே அந்த ஆண்டுகளில் போதிய அளவு வரவில்லை.

அடுத்த சில வாரங்கள் மரம் மரமாகப் பட்டையில் சிறு வட்டத் துளை வெட்டி, கீழே குழாய் பொருத்தி, 24 மணி நேரம் கழித்துப் பிசினை அளந்தோம். பருத்த மரம் நிறையத் தரும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒரு விதி அமையவில்லை.

மறுகோடையில் 23 முழுக்கச் சிவந்து நின்றது. 17 பச்சையாகவே இருந்தது. துளைக்கருவியால் அதிலிருந்து பென்சில் தடிமனில் ஒரு கட்டைத்துண்டு எடுத்து, உப்புத்தாள் தேய்த்து, லென்ஸின் கீழ் வைத்தேன். தாக்குதல் நடந்த வருட வளையத்தில் ஊசி குத்தியதுபோலப் பிசின் குழாய்கள் நெருக்கமாக இருந்தன. முந்தைய வளையங்களில் அங்கொன்றும் இங்கொன்றும்தான். இரண்டு முறை எண்ணிச் சரிபார்த்து, பதிவேட்டில் பழைய குறிப்புக்குக் கீழே எழுதினேன்.