மார்ச் 20, பகல் 12 மணி: ஒரு பிறப்புச் சான்றிதழுக்காக ஓடியது

இலங்கை வெளிநாட்டுச் சேவையிலிருந்து 2022 டிசெம்பர் 31 இல் ஓய்வுபெற்றேன். அரச ஊழியருக்கு 60 வயது எல்லை வந்தபோது ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் வெளியேறினோமே, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். எனக்கு மாகாண சபையில்தான் ஆர்வம். ஆனால் மேல் மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 இல், 2019 இல் அதன் காலமும் முடிந்துவிட்டது. கொட்டாஞ்சேனைப் பொடியன்கள் சிலர் கொழும்பு மாநகர சபைக்கு ஒரு சுயேச்சைக் குழுவைச் சேர்த்து வைத்துக்கொண்டு, தலைமைக்கு வாங்கோ என்று கேட்டார்கள். சரி என்றேன்.

2023 ஜனவரியில் வேட்புமனுக் கொடுத்ததில் ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் மார்ச் 9 இல் நடக்க வேண்டிய தேர்தல் ஏப்ரல் 25 க்குப் போய், அப்புறம் அதுவும் இல்லாமல் போனது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2024 ஓகஸ்ட் ஆனது. 2025 இல் புதுச் சட்டம் வந்து பழைய மனுக்கள் எல்லாம் செல்லாதவையாகின. இரண்டு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கிய பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க எனக்கு மனமில்லை. கட்டுப்பணம் திரும்பி வந்தது, அந்த இரண்டு வருடம் வரவில்லை.

மறுபடி முதலிலிருந்து. சுயேச்சைக் குழு என்றால் ஆளுக்கு 5,000 ரூபாய் கட்ட வேண்டும், கட்சிக்கு 1,500 தான். கொழும்புக்குப் பட்டியலே நூறு பேரைத் தாண்டும், அதனால் ஐந்து இலட்சத்துக்கு மேல் கையில் இல்லாமல் இறங்காதீர்கள். இன்னொன்று: மனுக் கொடுக்க 2025 மார்ச் 20 பகல் 12 வரை நேரம் இருந்தது, ஆனால் கட்டுப்பணம் ஏற்பது அதற்கு முதல் நாள் பகலே முடிந்துவிட்டது. இரண்டையும் ஒரே நாள் என்று நினைத்து ஏமாந்தவர்களைக் கண்ணால் கண்டேன்.

இந்த முறை பட்டியலில் கால்வாசிப் பேர் 35 வயதுக்கு உட்பட்டவர்களாக இருக்க வேண்டும், வயதைக் காட்டப் பிறப்புச் சான்றிதழ் வைக்க வேண்டும். 19 ஆம் தேதி இரவு கோப்பைப் புரட்டினேன். அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி, தனிநாட்டை ஆதரிக்கமாட்டேன் என்று எல்லோரும் கையெழுத்திட வேண்டிய சத்தியத்தைத்தான் முதலில் பார்த்தேன், ஏனென்றால் அதில் ஒன்று விடுபட்டாலும் மனு போய்விடும். அரச சேவையில் சேர்ந்தபோது நான் செய்த அதே சத்தியம். அது சரியாக இருந்தது. அடுத்த கட்டில், எங்கள் பட்டியலில் இருந்த, ஹட்டனில் பிறந்த ஒரு தங்கச்சியின் பிறப்புச் சான்றிதழ் வெறும் நிழற்பிரதி. சமாதான நீதவான் முத்திரை குத்தியிருந்தார், பதிவாளரின் முத்திரை இல்லை.

வெளிநாட்டு அமைச்சில் ஆவணங்களை உறுதிப்படுத்தும் கொன்சியூலர் பிரிவில் இருந்த வருடங்களில் இப்படியான பிரதிகளோடு வந்த எத்தனையோ பேரை "மூலப்பிரதி கொண்டுவாங்கோ" என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். தூரத்து ஊர்களிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள். அந்த இரவு அவர்கள் எல்லோரும் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

பதிவு கணினியில் ஏறியிருந்தால் பிறந்த ஊருக்கே போக வேண்டியதில்லை, வேறு பிரதேச செயலகத்திலும் பிரதி எடுக்கலாம். காலையில் அலுவலகம் திறக்கும்போதே தங்கச்சியோடு போய் நின்றேன். கவுண்டரில் இருந்தவர் படிவத்தைப் பார்க்காமலே நாளைக்கு வரச் சொன்னார். இன்று 12 மணிக்குத் தேர்தல் மனு என்றேன்.

"எல்லாருக்கும் அவசரம்தான் சேர்."

நான் யாராக இருந்தேன் என்று சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. தங்கச்சிதான் அவரிடம் சிங்களத்தில், இரண்டு வருடமாக இதற்குக் காத்திருக்கிறேன், என் ஒரு தாளால் நூறு பேருக்கும் போய்விடும் என்று அழுதுகொண்டே சொன்னாள். பக்கத்து மேசையில் இருந்த அம்மா எழும்பி வந்து படிவத்தை வாங்கினார். அப்புறம் தேடியபோது பெயரின் எழுத்துகள் ஒத்துவரவில்லை, தமிழில் ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் வேறு மாதிரி. பதிவு இலக்கத்தைக் கொடுத்துத்தான் கண்டுபிடித்தார்கள். பழைய பிரதி ஒன்றைக் கட்டாயம் கையில் வைத்திருங்கள், அந்த இலக்கம் இல்லாவிட்டால் எங்கள் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

முச்சக்கர வண்டியில் மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு வந்து சேர்ந்தபோது 11.35. வாசலில் பொலிஸ் தடுப்பு. குழுத் தலைவர் என்பதற்கான கடிதத்தைக் காட்டி உள்ளே ஓடினேன். 11.50 க்கு மனு மேசையில் இருந்தது. ஆட்சேப நேரம் முடிந்து எங்கள் குழுவின் பெயரை ஏற்றுக்கொண்டதாக வாசித்தபோது தங்கச்சி என் கையை விடவே இல்லை.

அன்று இதே காரணத்தால் நிராகரிக்கப்பட்டவர்கள் பலர். அவர்களில் சிலர் மேன்முறையீட்டு நீதிமன்றம் போய் ஏப்ரலில் சாதகமான உத்தரவு பெற்றார்கள். ஆனால் வழக்குக்குச் செலவழிக்க எல்லோரிடமும் பணம் இருக்காது, பிரசாரத்துக்கு அந்த நாட்களும் திரும்பக் கிடைக்காது. ஆகவே முத்திரையிட்ட பிரதியைத் தேர்தல் அறிவிக்கும் முன்பே எடுத்து வையுங்கள்.

மே 6 இல் என் வட்டாரத்தில் தோற்றேன். தோற்றவர்களும் 21 நாளுக்குள் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும். துண்டுப்பிரசுரம் அச்சடித்த கடைக்காரர் பில் தரவே இல்லை, மூன்று தடவை போய் அதையும் எழுதி வாங்கிப் பத்தொன்பதாம் நாள் ஒப்படைத்தேன். பெற்றுக்கொண்டதாகப் போட்ட முத்திரையோடு என் பிரதி அலுமாரியில் இருக்கிறது, தங்கச்சியின் பிறப்புச் சான்றிதழ்க் கோப்புக்குப் பக்கத்தில்.