தட்டில் விழ வேண்டிய குண்டு: இறுதிப் பருவத் திட்டம் செய்பவர்களுக்கு

டிப்ளோமா இறுதிப் பருவத்தில் எங்கள் குழுவுக்குக் கிடைத்த வேலை இது. 3 மீட்டர் உயரத்தில் கட்டிய கம்பியில் உருளி வண்டி ஓடும். அதிலிருந்து எஃகுக் குண்டைக் கழற்றிவிட்டு, தரையில் உள்ள 10 சென்டிமீட்டர் அகலத் தட்டில் விழவைக்க வேண்டும். டிரோனில் செய்யத்தான் ஆசைப்பட்டோம். ஆனால் பினாங்கில் ஒரு பக்கம் பாயன் லெப்பாஸ் விமான நிலையம், மறுபக்கம் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம். அனுமதி வாங்கும் வரை காத்திருக்கப் பருவம் போதாது. புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பூப்பந்து மண்டபத்தில் கம்பி கட்டினோம்.

கணக்கு எளிது. 3 மீட்டர் விழ 0.78 விநாடி ஆகும். வண்டியின் வேகம் விநாடிக்கு 2 மீட்டர் என்றால், தட்டுக்கு 1.56 மீட்டர் முன்பே விட வேண்டும். எஃகுக் குண்டுக்கு இந்த உயரத்தில் காற்றுத் தடையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

முதல் வாரம் முழுவதும் ஒரு தவற்றில் போனது. குண்டு தள்ளி விழுந்தால் விடும் புள்ளியைப் பின்னுக்கு நகர்த்துவோம். கிட்டே விழுந்தால் முன்னுக்கு. அப்படிச் செய்யவே கூடாது. எதையும் தொடாமல் பத்து முறை விடுங்கள். வெள்ளைத் தாள்மேல் கார்பன் தாளை வைத்தால் விழுந்த இடம் பதியும். பத்துப் புள்ளிகளும் ஒரே இடத்தில் நெருங்கியிருந்தால், தட்டு எவ்வளவு தொலைவில் இருந்தாலும் கவலையில்லை; ஒரே நகர்த்தலில் சரியாகிவிடும். சிதறியிருந்தால் எந்த நகர்த்தலும் உதவாது.

எங்கள் புள்ளிகள் சிதறித்தான் கிடந்தன. சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சர்வோ மோட்டார், குண்டைப் பிடித்திருக்கும் ஊசியை இழுக்கும் அமைப்பு வைத்திருந்தோம். சாதாரண சர்வோவுக்குக் கட்டளை 20 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் போகும். நம் கட்டளை அந்த இடைவெளியில் எங்கே விழுகிறது என்பது ஒவ்வொரு முறையும் மாறும். அதனால் மட்டும் 4 சென்டிமீட்டர் வரை சிதறல் வரும். ஊசி உராய்ந்து குண்டைத் திருப்பிவிடுவது வேறு.

மின்காந்தத்துக்கு மாறினோம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் குண்டு ஒரு கணம் ஒட்டிக்கொண்டது, எஞ்சிய காந்தத்தால். காந்தத்துக்கும் குண்டுக்கும் இடையே ஒரு துண்டுத் தாளை ஒட்டினோம், பெரிதும் குறைந்தது. மின்சாரத்தை நிறுத்தும் டிரான்சிஸ்டரைக் காக்க, காந்தச் சுருளின் குறுக்கே போடும் டயோடும் (மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் உறுப்பு) மின்னோட்டம் அடங்குவதைத் தாமதிக்கும். அதனுடன் தொடராக ஒரு மின்தடையைச் சேர்த்தால் சீக்கிரம் அடங்கும். டிரான்சிஸ்டர் தாங்கும் மின்னழுத்தத்தைப் பார்த்துவிட்டு மின்தடையின் மதிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

கம்பி தொய்வதையும் கவனியுங்கள். சரிவில் இறங்கும்போது விட்டால் குண்டுக்குக் கீழ்நோக்கிய வேகமும் சேரும். தொய்வின் அடிப்புள்ளியில் விடுங்கள். அதற்குச் சற்று முன், 20 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஒளி உணரிகள் வைத்து வேகத்தை ஒவ்வொரு ஓட்டத்திலும் அளந்தோம்.

திட்டத்துக்கான நேர்முகத் தேர்வில், உயரத்தை அளவு நாடாவால் மட்டும் அளந்தது போதுமா என்று கேட்டார்கள். விழும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 1 விழுக்காடு பிழை தரையில் 0.8 சென்டிமீட்டர்தான். அதே பிழை வேகத்தில் என்றால் 1.6 சென்டிமீட்டர். விடும் நேரத்தில் 10 மில்லி விநாடி பிசகினால் 2 சென்டிமீட்டர். இந்த மூன்று எண்களையும் பலகையில் எழுதிக் காட்டினேன். கார்பன் தாள்களைத் தேதியிட்டு வைத்திருந்தோம். தேர்வாளர்கள் நெடுநேரம் பார்த்தவை அவைதாம். உங்களுடையதையும் முதல் நாளிலிருந்தே எடுத்து வையுங்கள், சிதறியவற்றையும் சேர்த்து.